கம்பளையில் வாங்கிய மாத்திரை

காலை ஏழரைக்கு என் மகன் மாடிப்படியைப் பார்த்துக் கத்துவான்: "மீரா, மாத்திரை!" ஸ்கார்பரோவில் அவனுடைய வீட்டில்தான் நான் பத்து வருடமாக இருக்கிறேன். பேத்தி மீராவுக்குப் பதினேழு வயது. அவள் இறங்கி வந்து, உப்புப் போத்தலுக்கும் சீனி டின்னுக்கும் நடுவில் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி, நின்றபடியே விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுவாள். இருபத்தொரு மாத்திரை ஒரு நிறம், ஏழு வேறு நிறம், நாளுக்கு நாள் அம்புக்குறி. முதல் தடவை அந்த அட்டையைக் கண்ட அன்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது என்ன மாத்திரை, பிள்ளை?"

"பிம்பிள்ஸுக்கு, அப்பப்பா. ஹோர்மோன் பிரச்சினையாம். டொக்டர் தந்தவ."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

அவள் சிரித்தாள். "அப்பாதானே கடையிலை போய் எடுத்துக்கொண்டு வாறவர்!"

அது கருத்தடை மாத்திரை. நாடியிலும் தாடையிலும் மாதத்துக்கு மாதம் எழும்பும் பருக்களுக்கும் அதைக் கொடுப்பார்கள். உடம்பின் ஓமோன்களை அது சமப்படுத்தும். எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அறுபத்தேழு வயதில் இதை ஒருத்தி எனக்குச் சொன்னாள். நான் நம்பவில்லை. அவள் என் மகள் சுகந்தி.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலை கிடைத்துக் கண்டிக்குப் போய், குண்டசாலையில் வீடு கட்டி அங்கேயே தங்கியவன். முப்பது வருடத்துக்கு மேல் உயிரியல் படிப்பித்தேன். ஓமோன் சுரக்கும் சுரப்பிகளைக் கரும்பலகையில் கலர் சோக்கால் கீறிக் காட்டுவதில் எனக்குப் பெயர் இருந்தது. ஆனால் இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் வரும்போது புத்தகத்தை மூடிவிடுவேன். "இதை வீட்டிலை வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் உங்கள் ஆசிரியர் அப்படித்தான் செய்திருப்பார். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்தோம். என் மகளும் அந்த வகுப்பில் இருந்தவள்.

மனைவி இறந்தபோது சுகந்திக்கு இருபத்தைந்து வயது. பருக்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கின. பதின்ம வயதில் வரும் பொட்டுப் பருக்கள் அல்ல. தோலுக்குள் கிடந்து நோகிற, பெரிய, சிவந்த கட்டிகள். ஒருக்களித்துப் படுக்க முடியாது. காலையில் தலையணை உறையில் வெள்ளைக் களிம்பும் அங்கங்கே இரத்தப் பொட்டும் இருக்கும். அவள் அதை நான் எழும்புவதற்கு முன் தோய்த்துக் காயப்போட்டுவிடுவாள். கொடியில் தினமும் ஒரு தலையணை உறை ஆடும். பிள்ளை சுத்தமானவள் என்று நினைத்திருந்தேன். இங்கே கனடாவில் உடுப்புகள் எல்லாம் மெஷினுக்குள்ளேயே காய்கின்றன, வெளியே கொடி கிடையாது. ஆனாலும் காலையில் யன்னல் திரையை விலக்கும்போது அந்த உறை என் கண்ணுக்குத் தெரிகிறது.

அவள் பன்வில பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்தாள். ஒருநாள் அவளோடு அந்த பஸ்ஸில் போனேன். கொழுந்துக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் அவளை உற்றுப் பார்த்துவிட்டு உரத்துக் கேட்டாள்: "என்னா டீச்சரு, மூஞ்சி இப்புடி வெடிச்சுக் கெடக்கு? கல்யாணம் பண்ணுனா தன்னால போயிருமே!"

"அப்ப மாப்பிள்ளைய தினமும் மூணு வேளை பூசணுமா அக்கா?" என்றாள் சுகந்தி, அந்தப் பெண்ணின் பேச்சிலேயே. பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் இறங்கும்போது குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலை, மரமஞ்சள், இரத்தத்தைச் சுத்தமாக்கக் கொத்தமல்லித் தண்ணீர், இறைச்சியை விடு, எண்ணெயை விடு. அவள் எல்லாவற்றையும் செய்தாள். கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு தோல் டொக்டரிடம் போனாள். எனக்கு அது தெரியாது. சில மாதங்களில் முகம் ஆறத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. வேப்பிலை வேலை செய்கிறது என்று நானும் நாலு பேருக்குச் சொன்னேன்.

அப்போது லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்திவிட்டது, இனி மாப்பிள்ளை பகுதி ஊரில் விசாரிக்கும். எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். பெண் எப்படி என்று அயலில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள். அந்தக் கிழமைதான், சாதகப் பிரதியைத் தேடி அவளுடைய அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் அந்த அட்டை இருந்தது. மூடிய புத்தகத்தில் இருந்த பாடம் எனக்குத் தெரிந்த பாடம்தான். அது என்ன மாத்திரை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அவள் பள்ளிக்கூடத்தால் வந்து செருப்பைக் கழற்றவும் இல்லை. நான் இரண்டு சொல் கேட்டேன்.

"யார் அவன்?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கையிலிருந்த அட்டையைக் காட்டினேன்.

"அப்பா, அது முகத்துக்கு."

"முகத்துக்குப் பூசுவினம். விழுங்கமாட்டினம்."

"டொக்டர் எழுதின துண்டு இருக்கு. காட்டட்டா?"

வேண்டாம் என்றேன். அந்தத் துண்டை வாசித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திராது. பொய்த் துண்டு எழுதுவிக்கவும் வழியிருக்கிறது என்று சொன்னேன். இதையும் நான்தான் சொன்னேன், கண்டி முழுவதும் ஒழுக்கத்துக்குப் பெயர் பெற்ற ஆசிரியன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மாப்பிள்ளை பகுதி பார்மசியில் விசாரித்தால் என்ன செய்வது என்ற பயம். சந்தியில் பார்மசி வைத்திருந்தவன் என் பழைய மாணவன் இர்ஷாத். அவனிடம் போய், என் மகளுக்கு அந்த மாத்திரையை இனிக் கொடுக்காதே என்றேன். அவன் தயங்கினான். "சேர், இது மொகத்துக்கும் எழுதுற மருந்துதானே" என்றான்.

"எனக்கு நீ படிப்பிக்கப் போறியோ?"

"இல்ல சேர். சேர் சொன்னாச் சரி."

அடுத்த மாதம் சுகந்தி மருந்துத் துண்டை நீட்டியபோது, கடை நிறையச் சனம். இர்ஷாத் பயந்தவன், பொய் சொல்லத் தெரியாதவன். "சேர் குடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க, மிஸ்" என்றிருக்கிறான். அது என்ன மாத்திரை என்று அந்தக் கடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அவள் வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை பிடிக்கவில்லை. கல்யாணப் பேச்சுக்காக நான் கடித உறையில் வைத்திருந்த சாதகத்தையும் படத்தையும் எடுத்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். லண்டன்காரருக்குத் தானே எழுதி வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு "சாப்பாடு மேசையில் இருக்கு", "கரண்ட் பில் வந்திருக்கு" இவ்வளவுதான் எங்கள் பேச்சு. முகம் திரும்பவும் மோசமானது. ஆறாத இடங்களில் குழி விழுந்தது. ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்தேன். பிறகு மகன் கூப்பிட்டான் என்று கனடாவுக்கு வந்துவிட்டேன். அதைத் தப்பி ஓடியது என்று சொல்ல வேண்டும். விமான நிலையத்துக்கு அவள் வரவில்லை, பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றாள்.

கொரோனாக் காலத்தில் அவள் மகனோடு வீடியோவில் பேசும்போது எட்டிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டிருப்பாள். உலகம் முழுக்க அதைக் கழற்றிய பிறகும் போட்டிருந்தாள். "இது எனக்கு வசதி, அண்ணா" என்று அவள் சொல்வது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்கும்.

மீராவின் மாத்திரையைக் கண்ட கிழமை நான் இங்குள்ள பார்மசி ஒன்றுக்குப் போனேன். என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். தடுத்ததை வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு சின்னப் பெண் நின்றாள். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். மனைவிக்கா என்று கேட்டாள். மனைவி செத்துப் பதினேழு வருடம் என்றேன். அவள் முகம் மாறியது. மகளுக்கு, நாற்பத்திரண்டு வயது, இலங்கையில் இருக்கிறாள் என்றேன். டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்க முடியாது, அதுவும் அந்த வயதில் என்றாள். நான் விடாமல் கேட்டேன். அவளுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மகளை வற்புறுத்தி எதையோ விழுங்க வைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள். "உங்கள் மகள் இதைக் கேட்டாவா, சேர்? அவருடைய மருந்தைப் பற்றி நாங்கள் வேறு ஒருவரோடும் பேச மாட்டோம். தகப்பனோடும்தான்" என்று மெதுவாக, ஆனால் உறுதியாகச் சொன்னாள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பஸ்களைப் போகவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தச் சட்டம் எங்கள் ஊர்ச் சந்திப் பார்மசியிலும் இருந்திருக்க வேண்டும்.

போன தை மாதம் கண்டிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வேறு அலுவல் இல்லை. அவள் கதவைத் திறந்தாள். மாஸ்க் இல்லை. முகம் ஆறியிருந்தது. கன்னத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சிறு குழிகள். நான் வழி நெடுகப் பாடமாக்கி வந்ததை அன்று பின்னேரமே சொன்னேன். நான் செய்தது பிழை, நீ சொன்னது உண்மை, என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை.

அவள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனையை மூடி வைத்தாள்.

"ரெண்டு வருஷம் மருந்து இல்லாமல் இருந்தன். பிறகு கம்பளைக்குப் போய் வாங்கத் தொடங்கினன். மாதம் ஒருக்கா, சனிக்கிழமையிலை. அங்கை உங்களிட்டைப் படிச்ச ஆக்கள் இல்லை."

கம்பளைக்குப் போய்வர அரை நாள் போய்விடும்.

"கடையிலை வைச்சுச் சொன்னதுக்கு வீட்டிலை வந்து மன்னிப்புக் கேக்கிறியள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பிழைத்த மாணவனுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

அடுத்த நாள் காலை சந்திக்குப் போனேன். பல்லேகலவில் கிரிக்கெட் மட்ச், தெருவெல்லாம் வாகனம். பார்மசியில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். இர்ஷாத்துக்குத் தாடி நரைத்திருந்தது. என் முறை வந்ததும், எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "இர்ஷாத், என்ரை மகளுக்கு மருந்து குடுக்கவேண்டாம் எண்டு முந்தி உன்னட்டைச் சொன்னனான். அது முகத்துக்கு எடுத்த மருந்து. நீ எனக்குச் சொன்னனி, நான் கேக்கேல்லை. பிழை என்ரை."

"சேர்... உள்ளுக்கு வாங்க சேர். டீ ஒண்டு குடிப்போம்."

"இல்லை, இங்கை நிண்டுதான் சொல்லவேணும்."

வரிசையில் நின்றவர்கள் சிங்களவர். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலும் சொன்னேன். பின்னால் மட்சுக்குப் போகும் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தான். கையில் பிரஷர் மருந்துத் துண்டோடு நின்ற ஒரு வயதான அம்மா மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, "மகள் எங்கே?" என்றார்.

"வீட்டில்."

"அப்படியென்றால் எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள், மாத்தயா?"

அன்று அந்தக் கடையில் நின்று என் மகளைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட இன்று அங்கே இல்லை. அவர்களை நான் எங்கே போய்த் தேடுவது?

வீட்டுக்குத் திரும்பியபோது சுகந்தி சமைத்துக்கொண்டிருந்தாள்.

"இர்ஷாத் கோல் பண்ணினவர். சேருக்குத் தலை கிலை சுத்தினதோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"சுகமா இருக்கிறார் எண்டு சொன்னன்." சிறிது நேரம் கறியைக் கிளறினாள். "வரிசையிலை நிண்டனீங்களாம்."

"ஓம்."

மேசையில் எனக்குச் சோறு வைத்தாள். உறைப்புக் குறைத்த கறி, தனிச் சட்டியில். பக்கத்தில் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று, மூடி உடைக்காமல்.

"இது எதுக்கு?" என்றேன்.

"வெளிநாட்டு ஆக்களுக்கு இந்தத் தண்ணி ஒத்துவராது. அண்ணா வந்தாலும் வாங்கி வைக்கிறனான்."

அந்த வீட்டுக் கிணற்றை வெட்டுவித்தவன் நான். மூடியைத் திருகிப் பார்த்தேன், விரல்களுக்குப் பலம் போதவில்லை. சுகந்தி என் கையிலிருந்து போத்தலை வாங்கித் திறந்து எனக்கு முன்னால் வைத்தாள். பிறகு தனக்கு ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்து, எதிர்க் கதிரையை இழுத்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.