ஐஸ் பெட்டியில் வந்த சீசா

அஸ்தினாபுரத்தில் மருந்துக்கடை மாடியிலுள்ள பரிசோதனைக் கூடத்தில் ஜோதிலட்சுமிக்கு இது இருபத்து மூன்றாம் ஆண்டு. நாளுக்குப் பதினைந்து சிறுநீர் மாதிரி என்றாலும், அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவை லட்சத்தைத் தாண்டும். படிகங்களை உருவம் பார்த்தே சொல்லிவிடுவார். தபால் உறை மாதிரி இருந்தால் ஆக்சலேட். ஓட்டுக் கூரை மாதிரி இருந்தால் பாஸ்பேட். ஓட்டுக் கூரையைப் பாடப்புத்தகம் சவப்பெட்டி மூடி என்கிறது. நோயாளிகளிடம் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை 9.20. கோவளத்திலிருந்து வந்து கீழே மீன் விற்கும் செல்லியம்மாள், பதினெட்டுப் படி ஏறி வந்து சீசாவைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அவருக்கு முட்டி ஆபரேஷன். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. சிறுநீரில் கிருமி இருந்தால் தள்ளிப்போய்விடும்.

மைக்ராஸ்கோப்பில் எங்கு பார்த்தாலும் ஓட்டுக் கூரைகள். சில கிருமிகள் சிறுநீரைக் காரமாக்கும்போது விளையும் படிகம் அது. ஆனால் கிருமித் தொற்று என்றால் சீழ் அணுக்கள் திரண்டிருக்க வேண்டும். இங்கே ஒன்றிரண்டுதான். ஜோதிலட்சுமி சீசாவைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. மூடியில் ஒரு மீன் செதில்.

கீழே இறங்கிப் போனார். "அக்கா, இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"ஐஸ் பொட்டிலதான். காலீல நாலு மணிக்கே புட்ச்சது, கெட்டுப்போவாம வஞ்சரத்துக்கு நடுவுல சொருவி வெச்சேன். எங்கிட்ட பழசுன்னு ஒண்ணு கெடையாது கண்ணு."

வஞ்சரம் பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாள் சத்தமில்லாமல் சங்கராவுக்கு மாறினார்.

குளிரில் சிறுநீரின் உப்புகள் தாமாகவே படிகமாகிவிடும், கிருமியே வேண்டாம் என்று ஜோதிலட்சுமி விளக்கி, புதிதாக ஒன்று கேட்டார்.

"இந்த முட்டிய வெச்சிகினு மறுக்கா மாடி ஏறணுமா? ஏற முடிஞ்சா ஆபரேசன் இன்னாத்துக்கு?"

கடைசியில் மருந்துக்கடைக் கழிவறையே போதும் என்றானது. செல்லியம்மாள் திரும்பும்வரை ஏழு நிமிடம் ஜோதிலட்சுமி கூடைக்குக் காவல் இருந்து காக்கை விரட்டினார். பிறகு சீசாவைத் தாமே மாடிக்கு எடுத்துப் போனார். சூடு ஆறுமுன் பார்த்தார். படிகம் ஒன்றுகூட இல்லை. கிருமியும் இல்லை. அதன்படியே எழுதிக் கையெழுத்திட்டார்.

அறிக்கையோடு அவர் வந்ததும் செல்லியம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "நாளைக்கு ஆபரேசன் கீதுல்ல?"

"அது டாக்டர் சொல்லணும்க்கா. இதுல தடை ஒண்ணும் இல்ல."

செல்லியம்மாள் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நாளையிலிருந்து ஆறு வாரம் வர மாட்டாராம், வேண்டியவர்கள் இப்போதே வாங்கிக்கொள்ளலாமாம். 10.40க்குக் கூடை காலி.