டாங்ராவில் ஐம்பது இட்லி: ஒரு தாய்மாமனின் தூதுப் பயணம்

வரலாற்றில் தூது போனவர்கள் பலர் உண்டு. அவர்களில் சிலருக்கு யானை கிடைத்தது, சிலருக்குக் குதிரை. எனக்குக் கிடைத்தது மூன்றடுக்கு ஏசியில் மேல் படுக்கை. பொங்கலுக்கு முந்தைய வாரம், மூன்று கிலோ அல்வாவோடு திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பினேன். குளிர்காலத்தில் அந்த ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்றுதான் தூரமும் செலவும் சேர்த்து எழுதுகிறேன். ஆனால் நான் போனது ஊர் பார்க்க அல்ல. நின்றுபோகவிருந்த ஒரு கல்யாணத்தைத் தூக்கி நிறுத்த.

விஷயம் இதுதான். என் அக்காவும் அத்தானும் ஜாதவ்பூரில் இருக்கிறார்கள். அத்தான் கல்கத்தாவிலேயே பிறந்து, அங்கேயே ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களின் ஒரே மகள் மீனா, சால்ட் லேக்கில் தன்னோடு வேலை பார்க்கும் டேவிட்டைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். டேவிட் கல்கத்தாச் சீனன். கல்கத்தாவின் சீனர் பேட்டையான டாங்ராவில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம். பெற்றோர் டொராண்டோவுக்குப் போய்விட, இங்கேயே நின்று சோயா சாஸ் கடையையும் டேவிட்டையும் பார்த்துக்கொண்டவர் அவனுடைய பெரியம்மா. தெருவே அவரை லிங் மாஷி என்று கூப்பிடும். வங்காளத்தில் அம்மாவின் அக்கா தங்கை எல்லோரும் மாஷிதான்.

இரண்டு வீடும் முதன்முதலாகச் சந்தித்த அன்று அத்தான் நகைச்சுவை உணர்ச்சியோடு போயிருக்கிறார். அங்கேதான் விபத்து. டேவிட்டைப் பார்த்து, கராத்தேயில் எத்தனையாவது பெல்ட் என்று கேட்டிருக்கிறார். எங்கள் தெரு நாயைக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். குடும்பப் படத்தைக் காட்டியபோது, "எல்லாரும் ஒரே ஆளுதான், அஞ்சு தடவ நின்னிருக்காரு" என்று சிரித்திருக்கிறார். லிங் மாஷி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர்கள் கல்யாணத்தில் மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். பெரியவர் அதை வாங்கிக் குடித்தால்தான் சம்மதம் என்று பொருள். இன்னொரு தடவை அந்த மனிதர் அப்படிப் பேசினால் நான் குடிக்க மாட்டேன் என்று மாஷி சொல்லிவிட்டார். மாஷி குடிக்காத தேநீரோடு எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று டேவிட் சொல்லிவிட்டான். மீனா எனக்குப் போன் பண்ணி, வேறெதுவும் சொல்லாமல், "மாமா, நீங்க வாங்க" என்றாள். தாய்மாமனுக்கு இதற்குமேல் அழைப்பு வேண்டுமா?

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி. அங்கிருந்து கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி நிலையத்துக்கு 1,650 கிலோமீட்டர் சொச்சம், மூன்றடுக்கு ஏசியில் எனக்கு 1,900 ரூபாய் ஆயிற்று. ஆந்திராவில் எடுத்த தூக்கத்தை ஒடிசாவில்தான் முடித்தேன். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே சில்கா ஏரி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று ரயில்வேக்கே தெரியாது போலிருந்தது. ஒரு படகு ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தது. பனியால் ரயில் மூன்று மணி நேரம் தாமதம். இந்த மாதத்தில் போகிறவர்கள் அந்த மூன்று மணி நேரத்தையும் டிக்கெட்டோடு வாங்கியதாக நினைத்துக்கொள்ள வேண்டும். சாந்த்ராகாச்சியிலிருந்து ஜாதவ்பூருக்கு வாடகைக் கார் 460 ரூபாய். ஹூக்ளிப் பாலத்தின் மேல் ஏறும்போது ஊர் தெரியவில்லை. ஊர் இருக்கிறது என்ற வதந்தி மட்டும் மஞ்சள் விளக்குகளாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. அத்தான் எழுவதற்கு முன்பே நான் திரெட்டா பஜாருக்குப் போய்விட்டேன். சீனக் காலை உணவுக்குப் பெயர்போன இடம், ஞாயிறுகளில் கூட்டம் அதிகம். ஆறு மணிக்கு இருந்தால்தான் உண்டு, எட்டுக்கெல்லாம் சுருட்டிவிடுவார்கள். ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும் என்பதால் கார்தான் வழி. பன்னிரண்டு கிலோமீட்டர், 310 ரூபாய்.

அந்தத் தெருவை எப்படிச் சொல்வது? பனி மேலிருந்து இறங்குகிறது, இட்லிச் சட்டி போன்ற மூங்கில் அடுக்குகளிலிருந்து ஆவி கீழிருந்து ஏறுகிறது, இரண்டும் நடுவில் சந்தித்துக் கைகுலுக்குகின்றன. ஆட்கள் இடுப்பிலிருந்து தொடங்கி மேலே கலைந்துபோகிறார்கள். யாரோ ஒருவரின் குரல் வருகிறது. அவர் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. என்னைப் போன்ற சைவர்களுக்கு அங்கே கிடைப்பது எள் ஒட்டிப் பொரித்த இனிப்பு உருண்டை. ஒன்று 20 ரூபாய். நான் தின்றது இருநூறு இருக்கும் என்று சொல்ல ஆசை. ஆறு.

ஆவிக்குள்ளிருந்து குட்டையாக, ஊதா ஸ்வெட்டரில் லிங் மாஷி வெளிப்பட்டார். நான் வருவேன் என்று டேவிட் சொல்லியிருந்தான். மாஷியின் இந்தி வங்காளத்தில் குளித்துவிட்டு வந்த இந்தி. என் இந்தி கரை தெரியாத காட்டாறு. இரண்டையும் நம் தமிழில் தருகிறேன்.

"மன்னிப்புக் கேக்க அனுப்பினாரா?"

"தூதனுக்கு அந்த அதிகாரம் இல்லீங்க. குற்றவாளியைக் கட்டி உங்க கையில ஒப்படைக்கிற அதிகாரம் மட்டும்தான்."

அவர் சிரிக்கவில்லை. என் தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தார். "திட்டினா திருந்துவாரா?"

"லூச்சிப் பூரி மாதிரி உப்பிடுவாரு. அப்புறம் அவரே கல்யாணம் வேண்டாம்பாரு."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"அவருக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை கிண்டல். அதுலயே பேசுங்க."

ஊரில் தமிழர்களைப் பற்றி என்னவெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டார். நான் கடவுள் வாழ்த்திலிருந்து ஆரம்பித்து ஒப்பித்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, பன்னிரண்டு மணிக்குக் குடும்பத்தோடு வீட்டுக்கு வரச் சொன்னார். போகும்போது இதையும் சொன்னார்: "அவரும் சிரிச்சார்னா சரி. கோவிச்சிட்டு எழுந்தார்னா, அத்தோட எல்லாம் முடிஞ்சுது. எனக்கும் வயசாயிடுச்சு, இன்னொரு தடவ பொறுக்க முடியாது."

ஜாதவ்பூரிலிருந்து டாங்ரா ஒன்பது கிலோமீட்டர், பைபாஸ் வழியாக 240 ரூபாய். பழைய தோல் பதனிடும் கூடங்களின் உயரமான சுவர்கள், அவற்றுக்கு நடுவே சிவப்புக் கதவுகள், காற்றில் பூண்டும் சாஸும். நண்பகலிலும் பனி முழுதாகப் போகாமல், வெயில் பழைய தங்கம் மாதிரி மங்கலாகக் கிடந்தது. இங்கே ஒரு காளி கோயில் உண்டு. சீனர்கள் கும்பிடும் காளி. நூடுல்ஸ் படைக்கிறார்கள், அவளும் மறுப்பதில்லை. கட்டாயம் பாருங்கள்.

எங்கள் ஊர்வலத்தில் முன்னால் அத்தான். அவர் கையில் மூன்றடுக்குத் தூக்கு. தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய், அப்பளம். சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது கையில் சோறு கட்டிக்கொண்டு போன மனிதரை நம் குலம் இதுவரை கண்டதில்லை. அக்கா காரிலேயே வைத்துவிடச் சொல்லிப் பார்த்தாள். "என்னத்தப் போடுவாங்களோ யாரு கண்டா" என்றார். மீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது. லிங் மாஷி விமானக் கம்பெனி விளம்பரம் போலக் கைகூப்பி, "வணக்கம்" என்றார். நெற்றியில் ரூபாய் நாணயம் அளவு திருநீறு. மேசைமேல் வாழை இலை, இலைமேல் இட்லி. ஐம்பது இட்லி. டேவிட், தமிழ்க் கடைகள் உள்ள லேக் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்து அடுக்கிய அந்தக் குவியலின் உச்சியில் பனி படிந்திருந்ததாகவே எனக்குத் தோன்றியது. பக்கத்தில் சாம்பார், ஒரு வாளி.

"தமிழங்களுக்கு நாலு மணி நேரம் இட்லி கிடைக்கலைன்னா உயிர் போயிடும்னு கேள்விப்பட்டேன்" என்றார் மாஷி. அத்தான் லேசாகச் சிரித்தார். நாற்காலியில் உட்கார வருமா, தரையில் பாய் போடவா என்று மாஷி விசாரித்தார். சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் பரதநாட்டியம் ஆடிக்காட்ட முடியுமா என்றார். அத்தான் தனக்குத் தெரியாது என்றார். கூச்சப்படாதீர்கள், உங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றார் மாஷி. கடைக் கம்ப்யூட்டர் மூன்று நாளாக ஓடவில்லை, அதையும் பார்த்துவிடுங்கள் என்றார். பிறகு, எந்த ஊர் என்று கேட்டார். இதே கல்கத்தாவில், பவானிப்பூர் என்றார் அத்தான். அது சரி, நிஜத்தில் எந்த ஊர்? அங்கேதான் பிறந்தேன். அது சரி, மெட்ராஸுக்கு எப்போது திரும்பிப் போகிறீர்கள்?

கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தானிடம், "காலைல உங்ககூடத்தானே பேசினேன்? மன்னிக்கணும், எனக்கு நீங்க எல்லாரும் ஒண்ணு மாதிரியே இருக்கீங்க" என்றார்.

அத்தான் ஆறடி, சிவப்பு, வழுக்கை. நான் ஐந்தடி, கறுப்பு, தலையில் ஆடு மேயும் அளவுக்கு முடி.

அத்தான் எழுந்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது. டேவிட் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். மீனா அப்பாவையும் மாஷியையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணத்தைக் காப்பாற்ற வந்த நானே அதைக் கொன்றுவிட்டேனோ என்று எனக்கு வேர்த்தது. ஜனவரியில் கல்கத்தாவில் வேர்த்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

அத்தான் கதவைப் பார்க்கவில்லை. இட்லியைப் பார்த்தார்.

"எனக்கு இட்லி பிடிக்காது" என்றார்.

அவர் நின்றபடியே சொன்னார். ஆபீஸ் விருந்து ஒவ்வொன்றிலும் மற்றவர்களுக்கு ஆர்டர் எடுப்பார்களாம். அவருக்கு மட்டும் கேட்காமலே இட்லி வந்துவிடுமாம். பிரிவுபசார விழாவிலும் இட்லி. முப்பத்தாறு வருஷம் ஒருத்தன்கூட என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் பெயர் தெத்துல். வங்காளியில் புளி. நாம் புளி தின்கிறவர்களாம். ஆபீஸில் மரியாதையாக தெத்துல்தா, அதாவது புளி அண்ணா.

"நானும் சிரிப்பேன். சிரிக்கலைன்னா தனியால்லா உக்காரணும்?" இதைத் தமிழில், என்னிடம்தான் சொன்னார். "இங்க ஒருத்தனைச் சேத்துக்கிடதுன்னா அப்படித்தான்னு நெனச்சுட்டேன், மாப்ளே. அந்தப் பையனையும் சேத்துக்கத்தான் பாத்தேன்."

மீனா அதை மாஷிக்கு இந்தியில் சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டு அப்பா பக்கம் போய் நின்றாள். மீதியை டேவிட் சொன்னான். அவனுக்கு எப்படித் தமிழ் புரிந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மாஷி நெற்றித் திருநீற்றைப் புறங்கையால் துடைத்தார். இது எங்கள் திட்டத்தில் இல்லாதது. "எனக்கு மோமோ பிடிக்காது" என்றார். "வாழ்க்கையில ஒரு மோமோ பண்ணினதில்ல. அது எங்க சாப்பாடே இல்ல. கடைக்கு வர்ற பத்துல ஏழு பேர் மோமோ செய்யறது எப்படின்னு கேக்கறாங்க. இப்ப நானே ஏதாவது வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிடறேன். போன வாரம் ஒரு அம்மாவை மாவுல வெல்லம் போடச் சொன்னேன்."

முதலில் சிரித்தது அக்கா. அடுத்து அத்தான். அவர் சிரிப்பு சின்னதாகத் தொடங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. "போட்டாங்களா?" என்று மட்டும் கேட்க முடிந்தது அவரால். "போட்டாங்க. நல்லா இருந்துச்சாம்."

பிறகு மாஷி கேட்டார்: "இப்ப சொல்லுங்க. உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அத்தான் சமையலறைப் பக்கம் பார்த்தார். வந்ததிலிருந்து அவர் மூக்கு அங்கேதான் இருந்தது. காளானும் மிளகாயும் போட்ட சைவ நூடுல்ஸ் உள்ளே மூடி வைத்திருந்தது. மூன்று தட்டு சாப்பிட்டார். தூக்கை மாஷி தன் பக்கம் இழுத்துத் தயிர்சாதத்தில் சில்லி சாஸ் ஊற்றிச் சாப்பிட்டார். அந்தக் காட்சியைப் பார்த்தால் நம் ஊர்த் தயிர் மூர்ச்சையாகியிருக்கும். அவர் வழித்து முடித்தார். இட்லியை நான்தான் தின்றேன். எனக்குப் பிடிக்கும், அதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை.

கை கழுவும்போது மாஷி டேவிட்டிடம், "கல்யாணத்துக்குத் தேநீர்க் கோப்பை சின்னதா வாங்கு. இவர் பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருப்பாரு, பெரிசுன்னா எனக்கு ஆறிப்போயிடும்" என்றார். மீனா அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். பங்குனியில் முகூர்த்தம். தாய்மாமன் சீருக்கு என்ன செய்வது என்று இப்போதிருந்தே கவலை.

போகிறவர்களுக்கு: மூன்று நாள் போதும். தங்குமிடம் தவிர்த்து ஆளுக்கு எட்டாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் வேண்டும். டாங்ராவில் சைவம் கேட்டால் சிரித்த முகத்தோடு செய்து தருகிறார்கள். மீன் சாஸ் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். கோயிலில் செருப்பை வெளியே விடுங்கள். கடைக்காரரிடம் எந்த நாடு என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இன்றைக்கு என்ன நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சுவையாக வரும்.

திரும்பும் கார் 260 ரூபாய். மீனா மாஷியோடு இருந்துவிட்டாள். எங்களை விட்டுவர டேவிட் முன் இருக்கையில் ஏறினான். நாலரைக்கே வெளிச்சம் கரையத் தொடங்கி, தெருவிளக்குகளைச் சுற்றிப் பனி பஞ்சுமிட்டாய் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் டேவிட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாக அத்தானிடம் வங்காளியில் கேட்டார், இந்த சாஹேப் எந்த தேசத்திலிருந்து வருகிறார் என்று.

டேவிட் வாய் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். முகத்தில் வங்கி அதிகாரியின் கடுமை.

"ரொம்பத் தூரத்துலேர்ந்துப்பா" என்றார். "டாங்ராவுலேர்ந்து. தினமும் சால்ட் லேக் வரைக்கும் பஸ்ல போய், என் மகளைப் பிடிச்சிருக்காரு."

ஓட்டுநர் பைபாஸ் ஏறும்வரை யோசித்தார். பிறகு சிரித்தார். டேவிட் திரும்பி அத்தானைப் பார்த்து, திருத்தமான தமிழில், "பஸ் இல்ல மாமா, ஆட்டோ" என்றான்.