அத்தான் இழுத்த மூச்சு

அத்தானைச் சி.டி. ஸ்கேன் மேசையில் படுக்கவைத்து ஊசிக்குழாயை மாட்டும்போதே உதடு நீலம் பாரித்திருந்தது. அக்காவின் புருஷன். சங்கு குளிக்கிறவர். ஒரு கால் வீங்கிக் கிடக்கிறது, பேச்சுக்கு நடுவே மூச்சு இரைக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் சி.டி. எடுக்கிறவன் நான். வேறு ஆளிடம் விட்டிருக்கலாம். வேறு ஆள் அன்று லீவு.

நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி. இருந்தால் ரத்தத்தை இளக்கும் மருந்து உடனே ஏறவேண்டும். இல்லாமல் ஏற்றினால் அதுவே ஆளை முடித்துவிடும். போன மாதம்தான் ரத்தமாய் வாந்தி எடுத்திருந்தார். கடலில் இறங்கி இறங்கி முழங்கால் பிடித்துக்கொண்டதற்கு வருஷக்கணக்காய் விழுங்கிய வலி மாத்திரை, வயிற்றைப் புண்ணாக்கிவிட்டுச் சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தது. அதனால் தமனியைப் படத்தில் வெளுப்பாய்க் காட்டும் அயோடினையும் பாதி அளவுதான் ஏற்றலாம், அதுவும் ஒரே தடவை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"அத்தான், மெஷின் பேசும். மூச்சை இழுத்து நிறுத்துங்கன்னு சொல்லும். அப்ப நிறுத்திரணும்."

அந்த இரைப்பிலும் சிரித்தார். "ஏலே மாப்ள, வள்ளம் ஆடுனாலே வாந்தி எடுக்குறவன் நீ. எனக்கு மூச்சு பிடிக்கச் சொல்லித் தாரியாக்கும்."

"தெரியும் அத்தான். அசையாம கெடங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேன். அயோடின் மருந்து கையிலிருந்து நெஞ்சை நோக்கி ஏறியது. பதிவு செய்த பெண்குரல் மூச்சை இழுக்கச் சொன்னது. இழுத்தார். ஊர் உலகம் இழுக்கிற மாதிரியா இழுத்தார்? அடிமணலில் சங்கைத் துழாவிவிட்டுத் திரும்பி வரவேண்டிய மூச்சு அது. விலா விரிந்தது, வயிறு ஒட்டியது, தோள் காதுவரை ஏறியது. இத்தனை நோவிலும் இந்த மூச்சா என்று ஒரு கணம் அசந்தே போனேன். பிறகு படம் வந்தது.

சாம்பல். வெளுக்கவேண்டிய தமனியெல்லாம் சாம்பல்.

அப்படி ஆழ இழுத்தால் நெஞ்சுக்கூடு உறிஞ்சும். வயிற்றிலும் காலிலும் கிடக்கிற, அயோடின் கலக்காத ரத்தம் குபுகுபுவென்று இதயத்துக்குள் ஏறிவிடும். கையிலிருந்து வந்த கொஞ்ச மருந்தும் அதில் கரைந்து காணாமல் போயிருந்தது. சும்மா நிறுத்தினால் போதும் என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. குறைந்து போய்விடக் கூடாதென்று அவர் உள்ளதையெல்லாம் கொடுத்தார்.

"இதுல எது கட்டி, எது அயோடின் எட்டாத ரத்தம்? இத வச்சு நான் இளக்குற மருந்து போடச் சொல்ல முடியாது," என்றார் பக்கத்தில் நின்ற டாக்டரம்மா.

"இன்னொரு தடவ எடுத்தா?"

"கிட்னி போயிரும்."

எங்கள் மெஷின் வலுத்த கதிர் ஒன்று, மெலிந்த கதிர் ஒன்று என இரண்டாலும் எடுக்கும். பிறகு எந்த வலுவில் எடுத்திருந்தால் படம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். வலுவை இறக்க இறக்க அயோடின் வெளுக்கும். கூடவே படம் முழுக்கப் பொரி பொரியாய்ப் புள்ளியும் கிளம்பும். இறக்கினேன். எழுபது, அறுபது, ஐம்பது. இன்னும் சாம்பல். "நாப்பதுக்குப் போங்க," என்றார் டாக்டரம்மா. போனேன். மணலை அள்ளி வீசியதுபோல் திரையெல்லாம் புள்ளி. புள்ளிகளை மென்பொருளால் வழித்து மெழுகினேன். மெழுகுவது கூடினால் கட்டியின் ஓரமும் சேர்ந்து மெழுகிப் போகும், குறைத்தேன். வெட்டுப் படத்தின் தடிமனைக் கூட்டினேன், குறைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. மாதாவே, ஒரு வெள்ளைக் கோடு. ஒன்றே ஒன்று.

வலப்பக்கம் மெல்ல வெளுத்தது. நுனிக் கிளைவரை வெளுத்தது. அங்கே கட்டி இல்லை. இடப்பக்கம் கீழ்த் தமனி வெளுக்கவில்லை. வெளுத்துத் தொலை, வெளுத்துத் தொலை என்று வாய்க்குள் முனகினேன். நடுவில் கருப்பு, அதன் ஓரத்தில் நூல்போல வெள்ளை. அயோடினை மட்டும் நிறமாய்க் காட்டும் படத்தைத் திறந்தேன். நுரையீரல் எங்கும் மங்கிய செம்மஞ்சள். இடது அடியில் மட்டும் ஆப்பு அடித்தது மாதிரி ஓர் இருட்டு.

"கட்டிதான். சந்தேகமில்ல," என்று டாக்டரம்மா போனை எடுத்தார்.

தெளிவு, தெளிவு என்று இவ்வளவு நேரம் அடித்துக்கொண்ட என் கை, மௌஸின் மேல் அப்படியே கிடந்தது.

வார்டில் மருந்து ஏறத் தொடங்கியதும் அக்கா என்னை ஒதுக்கமாய் இழுத்துப் போனாள்.

"கட்டி கரையுமாலே?"

"இனி வளராதுக்கா. பொறவு ஒடம்பே கரைச்சிரும்."

"வயித்துப் புண்ணுல ரத்தம் வராதாலே?"

அதற்கு என்னிடம் படம் இல்லை. கட்டிலுக்குத் திரும்பினோம். அத்தான் கண்ணை மூடிக் கிடந்தார். அக்கா வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்து அவர் தாடைக்கடியில் வைத்தாள். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் இருமும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் துண்டைப் பார்த்தோம்.