திரும்பி வந்த சட்டைகள்

டெய்லருக்கு ஐம்பது வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத் தாளாளருக்கு மட்டும் அவர் இன்னும் ‘நம்ம பையன்’தான். முதல் தையல் மிஷினை வாங்கிக் கொடுத்த மகராசன் ஆயிற்றே, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

தாளாளரின் சட்டைகளை எல்லாம் டெய்லர்தான் தைப்பார். ஒரு வருஷம் போட்டு அலுத்ததும் அவை டெய்லரிடமே திரும்பி வரும்.

“நல்ல தையல்ப்பா, கிழியவே மாட்டேங்குது. நீயே போட்டுக்க.”

தைத்தவன் யாரோ என்பதுபோலச் சொல்வார். டெய்லரும் யாரோ தைத்ததுபோல வாங்கிவந்து, இரண்டு பக்கமும் பிரித்து, தன் ஒல்லி உடம்புக்குப் பிடித்துக்கொள்வார்.

“புதுச்சட்டை போடாத டெய்லரைத் தேடிப் பிடிச்சுக் கட்டி வெச்சாங்களே எனக்கு!” என்பாள் மனைவி.

“சும்மா இருடி. பொண்ணு வேலை அவர் கையில இருக்கு.”

இருக்கத்தான் இருந்தது. அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் வேலைக்கு நடந்த தேர்வில் மகள்தான் முதலாவதாக வந்திருந்தாள். ஆனாலும் வேலைக்கான ஆர்டர் தாளாளர் கையிலிருந்துதான் வரவேண்டும். ஆண்டு விழா மேடையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

விழாவுக்கென்று தாளாளர் சந்தன நிறத் துணி அனுப்பினார். டெய்லர் சாக்பீஸை எடுத்தார். மனசு ஆர்டரிலேயே இருந்தது. எப்படியும் நம்மிடம்தானே வரப்போகிறது என்று கையே முடிவு செய்துவிட்டது போலும். நேராகத் தன் அளவிலேயே கோடு போட்டு வெட்டிவிட்டார். தாளாளர் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

“என்னப்பா, இவ்வளவு தொந்தியா போட்டுட்டேன்?”

உண்மை டெய்லரின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆர்டர் கண்ணில் ஆடியதும் உள்ளே போய்விட்டது.

“தொந்தின்னு இல்லைங்க ஐயா… லேசா உடம்பு பூசினாப்ல இருக்கு.”

அன்று சாயங்காலமே தாளாளர் நடைப்பயிற்சி ஆரம்பித்துவிட்டார். போகிற வழியில் டெய்லர் கடைக்குள் எட்டிப்பார்த்து, சட்டையைத் தூக்கிப் போட்டார்.

“பார்த்தியா, இந்தத் தடவை புதுசே குடுக்கறேன்!”

விழாவில் டெய்லர் அந்தச் சட்டையோடு கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

“அதோ உட்கார்ந்திருக்கானே, நான் ஆளாக்கின பையன். போட்டிருக்கிற சட்டைகூட நான் குடுத்ததுதான். எழுந்து நின்னு காட்டுப்பா!”

டெய்லர் எழுந்து நின்றார். ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார். சபை கைதட்டியது.

“அவன் பொண்ணுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல வேலை போட்டுக் குடுக்கறேன். வாம்மா மேலே!”

தேர்வைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை வரவில்லை. மகள் மேடையேறினாள். தாளாளர் ஒரு கையில் ஆர்டரையும் இன்னொரு கையில் ஒரு பழைய தோல் பையையும் எடுத்தார்.

“எங்க வீட்டம்மா வெச்சிருந்தது. நல்ல தோல். வார் மட்டும் அறுந்திருக்கு, உங்கப்பன் தைச்சுக் குடுத்துருவான். டீச்சரம்மா கையில ஒரு பை வேணாமா?”

“பை வேணாம் சார். ஆர்டர் மட்டும் போதும்.”

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. ஆர்டரை நீட்டிய கை பாதியில் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் டெய்லர்.

தாளாளர் திடீரென்று கடகடவென்று சிரித்தார்.

“பார்த்தீங்களா! எவ்வளவு ரோஷமா வளர்த்து விட்டிருக்கேன்!”

சபை முன்பைவிடப் பலமாகக் கைதட்டியது. மகள் ஆர்டரை வாங்கினாள். பேரும் சேரவேண்டிய தேதியும் சரிதானா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

டெய்லர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.