கக்கூஸ் கல்லாவுல வந்த வெள்ளி

தண்டையார்பேட்டை மார்க்கெட்டாண்ட ஒரு கட்டணக் கக்கூஸ் கீது. அதும் வாசல்ல பிளாஸ்டிக் சேரு போட்டுகினு குந்தியிருப்பா கெங்கம்மா. மடியில பிஸ்கட் டப்பா. உள்ள போறவன் அஞ்சு ரூவா போட்டுட்டுத் தான் போவணும். எம்மாம் பெரிய ஆபீசரா இருந்தாலும் வயிறு கலக்கினா கெங்கம்மா மூஞ்சிய பாத்துத் தான் ஆவணும்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. டப்பாவுல வுழுற சில்லறையில வெள்ளி தேடுவா.

கல்யாணமான புதுசுல பாரிஸ் கார்னர் பிளாட்பாரத்துல பழைய காசு விக்கிறவன் ஒத்தன் ராசா தல போட்ட ரூவா ஒண்ண கல்லு மேல போட்டுக் காட்டினான். நம்ம காசு மாதிரி டக்குனு சாவல அது. ணங்னு எழுந்து, ரவ நேரம் நின்னு, அப்பால தான் போச்சு. "இதுல வெள்ளி கலந்து கீதும்மா. இன்னும் ஒண்ணு ரெண்டு எங்கியாவது சில்லறையோட சில்லறையா சுத்திகினு தான் இருக்கும்"னான். அவ்ளோ தான், புடிச்சுகிச்சு. வித்துத் துன்னணும்னு இல்ல. அந்தச் சத்தம் ஒரு தபா தன் கல்லாவுலேந்து வரணும், அதான் ஆசை.

கும்பல் அடங்கினதும் துண்டை விரிச்சு டப்பாவ கவுப்பா. ஒவ்வொரு காசா எடுத்து கருங்கல் படி மேல போட்டு காத குடுப்பா. டக். டக். டக். எல்லாம் எவர்சில்வர் தகரம். வருசக் கணக்கா டக் தான்.

அவ புருசன் பரசுராமன் குடோன்ல மூட்டை தூக்குறவன். "ராணி வந்து ஒண்ணுக்குப் போனா தான் உனுக்கு வெள்ளி கெடைக்கும்" என்பான்.

"ராணி வந்தா துட்டு குடுத்துட்டுப் போவா. உன்ன மாதிரி ஓசியில போவ மாட்டா" என்பா இவ.

ஒரே ஒரு ஜாதி காச மட்டும் கல்லுல போட மாட்டா. மஞ்சக் கறை புடிச்ச காசு. வூட்ல ஒரு சங்கடம்னா மஞ்சத் துணியில காசு முடிஞ்சு, வேண்டிகினு, சாமி மாடத்துல வெக்கிறோம் இல்ல, அந்தக் காசு. கோயில்ல போய் சேக்காம மறந்துட்ட முடிச்ச அப்பால யாராவது அவுத்து செலவு பண்ணிடுவான். அது சுத்தி சுத்தி இவ டப்பாவுக்கும் வரும். சாமி துட்ட உத்துப் பாத்தாலே ஆவாதுன்னு, இவ மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு எடுத்து முந்தானையில முடிஞ்சுக்குவா. வெள்ளிக்கெழம அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டு வந்துடுவா. என்னா காசுன்னு ஒரு நாளும் பாத்தது இல்ல.

இப்ப இன்னா ஆச்சு, செவுத்துல போன்ல துட்டு கட்டற அட்டை ஒண்ணும் அதுக்கு ஒரு பொட்டியும் மாட்டிட்டான் காண்ட்ராக்டரு. செல்போன காட்டினா அந்தப் பொட்டி பொம்பள கொரல்ல "ஐந்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்தும். எவன் எத்தினி தபா உள்ள போனான்னு மார்க்கெட்டுக்கே தெரிஞ்சு பூடும். மாசம் பொறந்தா டப்பா கெடையாது, பொட்டி மட்டும் தான்னு சொல்லிட்டான். சம்பளம் அதே தான். ஆனா டப்பா போனா தேடறது எங்க? கெங்கம்மாவுக்கு சோறு எறங்கல.

எதுத்தாப்புல டீக்கடை தவசிமுத்து, தெக்கத்தி ஆளு, நக்கலா பேசினான். "ஏம்மா, பிச்சைக்காரனே கழுத்துல அட்டை மாட்டிட்டு நிக்கான். ஒன் வெள்ளி ஆட்டம் முடிஞ்சுபோச்சு பாத்துக்கோ."

"உன் டீயில பால் ஆட்டம் முடிஞ்ச மாதிரி தான" ன்னா இவ. வாய் பேசிச்சே தவிர மனசு பேஜாரா தான் இருந்துச்சு.

டப்பா எடுக்கப் போற வாரத்துல தான் அந்தப் புள்ள வந்தான். சித்தார்த்துன்னு பேரு, புளியந்தோப்பு. தல முச்சூடும் செங்கல் தூசி. வயித்த புடிச்சுகினு ஓடியாந்தான். போன அமுக்கறான், உசுரே இல்ல. பாக்கெட்டுல கைய உட்டான், ஒரு மஞ்ச மூட்டை வந்துச்சு. பல்லால அவுத்து டப்பாவுல கொட்டிட்டு, துணிய படியில போட்டான்.

டக், டக், டக். அப்பால ணங்.

கெங்கம்மா எழுந்துட்டா. "டேய் நைனா, இன்னாத்த கொட்டின?"

"யக்கா, அப்பால கேளு"ன்னுட்டு உள்ள ஓடிட்டான்.

டப்பாவுக்குள்ள எல்லாம் மஞ்ச. பழக்க தோசத்துல மூஞ்சி அந்தாண்ட திரும்பிச்சு. காது திரும்பல. காதுக்குள்ள அந்தச் சத்தம் இன்னும் நின்னுகினு கீது. கைய உட்டு எடுத்துட்டா. பெரிய ரூவா. கட்ட வெரலால மஞ்சள தேச்சா, கிரீடம் வெச்ச ராசா ஒருத்தன் அடியிலேந்து எட்டிப் பாக்கறான். அப்படியே சேருல குந்திட்டா.

புள்ள தெளிஞ்ச மூஞ்சியோட வந்தான். "ராயபுரத்துல எங்க அத்தை வூட்ட இடிக்கிறாங்கக்கா, பிளாட்டு கட்ட. அத்தையோட மாமியா முடிஞ்சது அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே காலி பண்ணிச்சாமே, அப்ப. திரும்பி வந்து இதே வூட்ல வெளக்கு ஏத்தணும்னு வேண்டிகினாங்களாம். வந்துட்டாங்க, காச கொண்டும் போய் போடல. அப்பால புள்ளைக்கு அம்மை, மாமாவுக்கு வேல, எது வந்தாலும் அதே முடிச்ச அவுத்து ஒரு காசு சேத்து முடிவாங்களாம்."

"சாமி துட்டுடா இது. கக்கூஸுல கொட்டறியே."

"எங்க வூட்ல சாமி கும்புடறது இல்லக்கா, புத்தர் தான். அத்தையும் போய் சேந்துட்டாங்க. நீயே வெச்சுக்க"ன்னுட்டுப் பூட்டான்.

தவசிமுத்து டீ கிளாசோட வந்து பாத்தான். "கல்லுல ஒருக்கா போடேன்"னான். போட்டா. வரிசையில நின்னவன் கூட வயித்த மறந்து நின்னான். வூடு இருந்துச்சு, வூட்டாளுங்க இருந்தாங்க, எல்லாம் மண்ணா பூட்டாங்க. சத்தம் மட்டும் நேத்து அடிச்ச காசு மாதிரி வருது.

அப்ப தான் கெங்கம்மாவுக்கு ஒறைச்சுது. வெள்ளி சில்லறையோட சுத்திகினு இல்ல. முடிச்சுக்குள்ள குந்தியிருந்துச்சு. எத்தினி வருசம், எத்தினி மஞ்சக் காசு, பாக்காமயே தன் கையால உண்டியல்ல போட்டா? அதுல எத்தினி ராசா தலையோ. வயிறு எரியும்னு பாத்தா, எரியல. புல்லரிச்சுது.

தல நிமுந்து தெருவ பாத்தா. ஓட்டு வூடு, மாடி வூடு, இடிக்க நோட்டீஸ் ஒட்டின வூடு. எல்லா மாடத்துலயும் எவளோ பயந்து, அழுது, முடிஞ்ச ஒரு முடிச்சு இருக்கும். தெருத் தெருவா இடிச்சு பிளாட்டு கட்டறான். ஒவ்வொண்ணா அவுந்து வரப் போவுது. தேடறது முடிஞ்சு பூடுச்சுன்னு சொன்னவன் எவன்? இனிமே தான் ஆரம்பமே.

காண்ட்ராக்டரு சொன்ன நாளுக்கு வந்தான். டப்பாவ கேட்டான். கெங்கம்மா சண்ட போடுவான்னு எதிர்பாத்தான் போல. "எடுத்துனு போ"ன்னா. "ஆனா இடிக்கிற வூட்டு ஆளுங்க எவனாவது போன் செத்துப் போய் மஞ்சக் காசோட வந்தா, என் கையில தான் வாங்குவேன். உன் பொட்டி அத்த வாங்காது." அவனுக்கு ஒண்ணும் புரியல, தலைய ஆட்டினான்.

அன்னிக்கு சாயங்காலம் மத்த மஞ்சக் காச எல்லாம் அம்மன் உண்டியல்ல போட்டா. ராசா தல ஒண்ணு மட்டும் கையில. உண்டியல் ஓட்டையாண்ட கொண்டு போனா, வெரல் உடல. "தாயி, இது உன்னுது தான், ஏமாத்த மாட்டேன்"னு அம்மன பாத்து மெய்யாலுமே பேரம் பேசினா. "இத்த முடிஞ்சவ எப்படி சேத்து சேத்து வெச்சாளோ, நானும் ஒண்ணு சேத்து வெக்கறேன்."

வூட்டுக்கு வந்து அதே மஞ்சத் துணிய விரிச்சா. ராசா பக்கத்துல தன்னோட எவர்சில்வர் ரூவா ஒண்ணு வெச்சா.

"இன்னா வேண்டிகினே?"ன்னான் பரசுராமன்.

"உனுக்கு இன்னாத்துக்கு"ன்னுட்டு, பல்லால இழுத்து இறுக்கி முடிஞ்சா.