புது டயரின் வயது

இன்று திருப்பதியில் எங்கள் காருக்கு நான்கு டயர் வாங்கப் போனோம். நாளை அப்பாவை, எங்கள் நைனாவை, ஏற்றிக்கொண்டு திருமலை மலைப்பாதையில் ஓட்டப்போவது நான்.

கடைக்காரரோ டீ வரவழைத்து, என் கணவரோடு குடித்தபடி அவரிடமே பேசிக்கொண்டிருந்தார். "புது ஸ்டாக் சார், கண்ண மூடிக்கினு போட்டுக்கலாம்."

நான் குனிந்து, டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் படித்தேன். டயர் தயாரான வாரமும் வருடமும் அதில் இருக்கும்.

"அண்ணா, இது தயாராகி அஞ்சு வருஷம் ஆயிடுச்சே?"

அவரும் குனிந்து பார்த்தார். "அவுனு, ஆமா மேடம்," என்றார் மெதுவாக.

உள்ளே போய், போன மாதம் தயாரான நான்கை உருட்டி வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் என்னிடம்தான் கேட்டார். "அலைன்மெண்ட்டும் பாத்துடலாமா மேடம்?"

"இதெல்லாம் எப்ப கத்துக்கினே?" என்றார் கணவர்.

"நீங்க அவரோட டீ குடிச்சிக்கினு இருந்தப்ப."

உங்கள் வண்டியில் அந்த எண் என்ன? குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.