வீங்கிய பவர் பேங்க்குக்கு நான் போட்ட கட்டு

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். சாரல் தொடங்கிவிட்டால் காலை ஆறு மணிக்கே அருவிக்கரையில் பலகையைப் போட்டுவிடுவேன். எனக்கு அதிகம் பேச வராது. முதுகைப் பார்த்துச் செய்யும் வேலை என்பதால், முகம் பார்த்துப் பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

மகன் பட்டாளத்தில் இருக்கிறான். அவன் இருக்கும் மலையில் சிக்னல் கிடையாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீழே இறங்கும்போதுதான் கூப்பிடுவான். எந்த நாள், எந்த நேரம் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்கு இருக்கும் ஒரே போன் என்னிடம்தான். அது மத்தியானத்துக்கு மேல் தாங்காது. ஒரு சீசனில் அவன் கூப்பிட்ட இரண்டு முறையும் போன் அணைந்து கிடந்தது. பிறகு சார்ஜ் போட்டபோது வந்த மெசேஜைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவன் அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த லீவில் வந்தவன் எனக்கு ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தான். அதன்பின் ஒரு அழைப்பும் தவறவில்லை. அதைச் சாரல் ஈரம் படாமல் காக்க வேண்டும் என்று, எண்ணெய் சுடவைக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

போன ஆடியில் அதன் வயிறு புடைத்துக்கொண்டது. வீக்கத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கட்டைவிரலால் நாலு பக்கமும் நீவினேன். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, சுளுக்கிய கணுக்காலுக்குப் போடுவது போல இறுக்கிக் கட்டினேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் போனுக்கு சார்ஜ் ஏறவே இல்லை. மகன் கூப்பிட்டுப் பதினாலு நாள் ஆகியிருந்தது. போனில் பத்து சதவீதம்தான் இருந்தது. பலகையைச் சாத்திவிட்டுத் தென்காசிக்கு பஸ் ஏறினேன்.

முதல் இரண்டு போன் ரிப்பேர் கடைகளிலும் கூட்டம். கூச்சத்தில் உள்ளே போகவில்லை. மூன்றாவது கடையில் என் வயதுள்ள ஒரு அம்மா மட்டும் குனிந்து ஈயம் உருக்கி சால்டர் வைத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, கால் ஒடிஞ்ச கோழி மாதிரில்லா கட்டிருக்கிய?"

"வீங்கிருந்துது. நீவிவிட்டேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மெதுவாகக் கட்டை அவிழ்த்தார்.

"நீவுனா வத்துற வீக்கம் இல்ல அண்ணாச்சி. உள்ள வாயு சேந்திருக்கு. இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கிருந்தா தீப்பிடிச்சிருக்கும்."

என் அடுப்புக்கும் அதற்கும் பக்கத்தில் எத்தனை பேர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்கள். அவர் முதலில் என் போனை வாங்கித் தன் சார்ஜரில் போட்டார். பிறகு பவர் பேங்க்கை வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு மணல் தட்டில் வைத்து, பிளாஸ்டிக் தகட்டால் மூடியை நெம்பினார்.

உள்ளே வெள்ளிக் காகிதம் சுற்றியது போல இரண்டு தட்டையான பேட்டரிகள். ஒன்று தலையணை போல உப்பியிருந்தது. ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சைத் தகடு, அதில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று. அவ்வளவுதான். இவ்வளவு நாள் என் மகனின் குரலைக் கொண்டுவந்தது இதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

வேலை செய்துகொண்டே அவர் சொன்னார். பேட்டரி கொடுப்பது மூன்றரை, நாலு வோல்ட்தானாம். போனுக்குப் போகும் வயரில் ஐந்து வேண்டுமாம். அதைத் தூக்கிவிடுவது அந்தச் சுருளும் பக்கத்திலிருக்கும் சிப்பும். சிப் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை கரண்டை விட்டு விட்டு நிறுத்துமாம். நிறுத்தும்போதெல்லாம் சுருளில் சேர்ந்தது வேகமாகப் பாயுமாம். பேட்டரி நிறைந்ததும் கரண்ட் வரும் கதவைச் சாத்துவதும் அந்தப் பச்சைத் தகடுதான். போன் தன் பங்குக்கு ஐந்தை மறுபடி குறைத்துக்கொள்ளுமாம். மெயினருவித் தண்ணீர் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து நம் தலைக்கு வருவது நினைவுக்கு வந்தது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொஞ்சம் சூடாகப் போய்விடுவதால், பவர் பேங்க்கின் மேல் எழுதியிருக்கும் சார்ஜ் கணக்கு முழுதும் போனுக்கு வந்து சேராதாம். அதை எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார், சொன்னேன். அடுப்புச் சூடுதான் பேட்டரியைக் கெடுத்தது என்றார். தகடு நன்றாக இருந்தது. ஒன்று கெட்டாலும் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று புதிதாக இரண்டு பேட்டரி எடுத்தார்.

அப்போது போன் அடித்தது. மகன்தான். வயர் குட்டை, வெளியே போய்ப் பேச வழியில்லை. மேஜையில் குனிந்து அந்த அம்மா முன்னாலேயே பேசினேன்.

"பவர் பேங்க் நல்லாருக்காப்பா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பிரிச்சுப் பாத்துட்டு இருக்கோம்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

நன்றி என்று அன்று சொல்ல வரவில்லை. மறுவாரம் ஒரு புட்டி மூலிகை எண்ணெயைக் கொண்டுபோய் அந்த மேஜையில் வைத்தேன். அவர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத எங்க தேய்க்கணும் அண்ணாச்சி? பேட்டரிக்கா?"

"உங்க கழுத்துக்கு" என்றேன். "எந்நேரமும் குனிஞ்சே இருக்கியள்லா."